நான்கு வாரமும் நாற்பது ஆண்டும்

தனுஷ்கோடி

அரிச்சல்முனையில் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அங்கே நிற்கும் சிங்கத் தூணைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தையைக் கடித்தபடி, இலங்கை தெரிகிறதா என்று எல்லோரும் கிழக்கே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது; ஆனால் வெயிலில் பளபளக்கும் மணல்திட்டுகளுக்கு அப்பால் கண் போவதில்லை. அந்தத் திட்டுகளில்தான் இரவோடு இரவாகப் படகோட்டிகள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கிய வருகை, போர்க்காலம் முழுக்க விட்டுவிட்டு நடந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், பால்மாவும் எரிபொருளும் கிடைக்காத நெருக்கடியில் கைக்குழந்தைகளோடு மறுபடியும் சிலர் இந்தத் திட்டுகளில் வந்து இறங்கினார்கள். கடலோரக் காவல்படை போய் மீட்டு வந்தது.

மீட்கப்பட்டவர் கரைக்கு வந்ததும் சட்டத்தின் கண்ணில் என்ன ஆகிறார் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ 1967-ஆம் ஆண்டின் இணைப்பு நெறிமுறையிலோ கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. கடவுச்சீட்டு இல்லாமல் கரையேறியவர், உயிருக்குப் பயந்து வந்தாலும் ஊர் பார்க்க வந்தாலும், சட்டத்தில் ஒரே பிரிவுக்குள் வருகிறார். 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. அரசு அரிசி கொடுக்கும், வீடு கொடுக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும். அந்தச் சொல்லை மட்டும் எடுக்காது.

அகதிகளுக்காக வேலை செய்ய விரும்பும் சட்ட மாணவர் எங்கே இன்டர்ன்ஷிப் தேட வேண்டும் என்று கேட்டால், டெல்லி என்றும் ஜெனீவா என்றும் பதில் வரும். ஐ.நா. அமைப்பின் முத்திரை பதித்த சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் தனுஷ்கோடியிலிருந்து மண்டபம், மதுரை, திருச்சி வழியாகச் சென்னை வரை நீளும் இந்த அறுநூறு கிலோமீட்டர்ச் சொச்சம் சாலையில் இருக்கிற அகதிச் சட்டப் படிப்பு வேறெங்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் படிப்பின் பாடப்புத்தகம் தீர்ப்புத் தொகுப்பு அன்று. தகரப் பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாள்கள்.

மண்டபம்

பாம்பன் பாலம் கடந்து சிறிது தூரத்தில் ஒரு ரயில் நிலையம். பெயர்ப் பலகையில் ‘மண்டபம் கேம்ப்’ என்றே எழுதியிருக்கும். அந்தக் ‘கேம்ப்’ 1983-இல் முளைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதற்கு வயது நூறுக்கு மேல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, பிறகு கப்பலேற்றிய தடுப்பு முகாம் அது. புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி வட்டாரங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் இங்கே தங்கித்தான் தலைமன்னாருக்குப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் போருக்குத் தப்பி அதே முகாமுக்கு அகதிகளாகத் திரும்பி வந்தார்கள். இந்த வட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் தமிழ்நாட்டு அகதி வழக்கு ஒன்றையும் எடுத்துப் பேச முடியாது.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்தத் தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அடுத்த இரண்டே மாதத்தில், டிசம்பர் புயலில், தலைமன்னார் கப்பல் கிளம்பும் துறையான தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடியது; 1984-இல் அதுவும் நின்றது. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பல் கிடைக்காமல் அங்கேயே நின்றுபோனவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலரும் அவர்களுடைய பிள்ளைகளும் பிற்பாடு படகில் வந்தார்கள். இந்தியராக ஏற்கப்பட்டவர்கள் இந்தியாவுக்குள் அகதியாகப் பதிவானார்கள்.

முகாமில் காலை நேரத்தில் சில வீடுகளில் பிட்டு வேகும் மணம் வரும். நம் வீடுகளில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும். இங்கே அது சொதியோடும் சம்பலோடும் தட்டுக்கு வருகிறது. பேச்சிலும் அப்படித்தான். பாட்டி ‘கதைக்கிறாள்’, பேத்தி ‘பேசுறாள்’. பள்ளிக்கூடம், சீரியல், சினிமா எல்லாம் சேர்ந்து ஒரே தலைமுறையில் பேச்சை மாற்றிவிட்டன. தாள் மட்டும் மாறவில்லை. பெற்றோரின் ஊர் மன்னார் என்றோ திருகோணமலை என்றோ எழுதியிருக்கிறவரை, இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்து இதே மாவட்டத்தில் படித்த பிள்ளைக்கும் அதுதான் அடையாளம்.

அந்தத் தாள்களைக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் கொடுத்த பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். முகாம் பதிவேட்டில் அது இனிஷியலாகச் சுருங்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘கௌரி’ ‘கவுரி’ ஆகியிருப்பாள். நாளும் மாதமும் இடம் மாறி, ஐந்தாம் மாதம் ஆறாம் தேதி ஆறாம் மாதம் ஐந்தாம் தேதி ஆகியிருக்கும். மடித்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கும். லேமினேட் செய்ததில் முத்திரை மங்கியிருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். இவையெல்லாம் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்தால், ‘இவரும் அவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று ஒரே வரியில் திரும்பி வந்துவிடும். வழக்கறிஞர் சேம்பரில் இந்தக் கோளாறு தெரிய வரும்போது பல நேரம் வழக்குத் தாக்கலாகியிருக்கும். முகாமிலேயே, தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறவருக்குத்தான் அது முன்கூட்டியே தெரியும். அப்படி உட்காரப் பொறுமையும் நேரமும் உள்ள ஆள் மாணவர்தான்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் ஒரு வழக்கறிஞர். 1984-இல் அவர் தொடங்கிய ஒஃபர் அமைப்பில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முகாம்வாசிகளே. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வைக்கும் வேலையை அவர்கள் ஆண்டுக்கணக்காகச் செய்தார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் அந்தப் பதிவு கட்டாயம். இல்லாவிட்டால் இந்தியாவும் தன்னுடையவர் என்று சொல்லாது, இலங்கையும் சொல்லாது. எந்த நீதிமன்றத்திலும் வாதாடாமல், படிவம் நிரப்பியே ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நாடற்ற நிலையிலிருந்து காப்பாற்றிய வேலை அது.

மதுரை

இராமநாதபுரமும் திருச்சியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டவை. ஆகவே முகாம்களிலிருந்து கிளம்பும் வழக்குகளில் முக்கியமானவை மேலூர் சாலையில் உள்ள அந்த வளாகத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த உலகநாதன் வழக்குத் தீர்ப்பு அவற்றில் தலையாயது. இந்திய வம்சாவளியினரான 65 பேர் குடியுரிமை கேட்டிருந்தார்கள். குடியுரிமை வழங்கு என்று நீதிமன்றம் நேரடியாக உத்தரவிடவில்லை. அது ஒன்றிய அரசின் அதிகாரம் என்றது. ஆனால் புதிதாக விண்ணப்பிக்கலாம், அதைக் குறித்த காலத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளை மட்டும் சேர்த்தது. இலங்கை அதில் இல்லை.

இரண்டாவது, 2022-இல் வந்த தீர்ப்பு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டு கேட்டார், அலுவலகம் மறுத்தது. குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு நேரடியானது: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். நீதிமன்றம் அதைச் சொல்லிக் கடவுச்சீட்டு கொடுக்க உத்தரவிட்டது. இந்த வழக்கில் புரட்சிகரமான வாதம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, எங்கே எப்போது பிறந்தார் என்று காட்டும் ஒரு பிறப்புச் சான்றிதழ். அது கையில் இருந்தது. 1983-க்கும் 1987 ஜூன் முடிவுக்கும் இடையில் முகாம்களில் பிறந்தவர்கள் இன்னும் எத்தனை பேர்? அவர்கள் அத்தனை பேரும் பிறந்த நாளிலிருந்தே இந்தியர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அகதிப் பதிவேட்டில் இருந்திருக்கிறார்கள், ஒருவரும் தேதியைப் பார்க்கவில்லை என்பதால்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். அகதிச் சட்டமே இல்லாத நாட்டில் மாணவர் என்ன கற்றுக்கொள்வார் என்று கேட்பார்கள். தனிச் சட்டம் இருக்கும் நாட்டில் ஒரு மாணவர் அந்தச் சட்டத்தைக் கற்கிறார். இல்லாத நாட்டில் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு, குடியுரிமைச் சட்டம், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், வருவாய்த்துறை நடைமுறை என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனிதருக்குக் காப்பு தேட வேண்டியிருக்கிறது. சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உயிர் வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு என்று சொன்னதைப் படிக்கலாம்; அதை ஒரு தாலுகா ஆபீஸ் மேசையில் எப்படிச் செல்லுபடியாக்குவது என்பதை எந்த வகுப்பிலும் படிக்க முடியாது.

கொட்டப்பட்டு, திருச்சி

திருச்சி விமான நிலையத்தை ஒட்டியே கொட்டப்பட்டு முகாம். தலைக்கு மேல் கொழும்பு விமானம் ஏறுவதும் இறங்குவதும் இங்கே அன்றாடக் காட்சி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, பணக்கொடையை உயர்த்தியது, 7,469 புதிய வீடுகளை அறிவித்தது. பத்துக்குப் பத்து அறைகளில் மூன்று தலைமுறை சேர்ந்து கிடந்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். நன்றியோடு சொல்ல வேண்டியதும்கூட. கடவுச்சீட்டு கிடைத்த அந்தப் பெண் இந்த முகாமைச் சேர்ந்தவர்தான். 2024 ஏப்ரல் 19 அன்று அவர் வாக்களித்தபோது, முகாமிலிருந்து வாக்களிக்கும் முதல் ஆள் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாற்பது ஆண்டில் ஒருவர் என்பது கொண்டாடுவதற்கு முன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கணக்கு.

முகாமில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாய், தகப்பன் இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1986-இல் பிறந்த அக்காள் இந்தியக் குடிமகள். 1988-இல் பிறந்த தம்பி அகதி. பக்கத்து வீட்டில் தாய் உள்ளூர்க்காரர், தகப்பன் முகாம்வாசி. அங்கே 2003-இல் பிறந்த மகன், பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பதால் குடிமகன். 2006-இல் பிறந்த மகள்? 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இன்னொரு பெற்றோர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. எனவே அவளுக்குக் கதவு அடைபடுகிறது. ஒரே பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைகளை இரண்டு தேதிகள் பிரித்து வைத்திருக்கின்றன. வீடு வீடாகப் போய், யார் எந்தத் தேதிக்கு எந்தப் பக்கம் என்று கணக்கெடுப்பதற்கு மேதைமை வேண்டாம், கவனம் வேண்டும். பிறப்பே பதியப்படாதிருந்தால், ஓராண்டு கடந்த பதிவுக்கு ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையில் ஆணை வாங்க வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பழைய ரெஜிஸ்டர், தடுப்பூசி அட்டை, பால்வாடிப் பதிவு என்று தேடி எடுக்க வேண்டும். மலையக வம்சாவளிக் குடும்பமானால், தாத்தா கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் வாங்கிய குடும்ப அட்டையோ, காலாவதியான பழைய கடவுச்சீட்டோ பெட்டியின் அடியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். செல்லாத தாள் என்று அவர்களே முடிவுகட்டி வைத்திருப்பார்கள்.

அனுபவமில்லாத மாணவர்களை இப்படிப்பட்ட வீடுகளுக்குள் விடுவது ஆபத்து என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. மற்ற எல்லா மறுப்புகளையும்விட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். படகில் வந்த இரவைப் பற்றி ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு புது மாணவர் வந்து கேட்டால், அது விசாரணையைவிடக் கொடுமை. ‘கட்டாயம் கிடைத்துவிடும் அக்கா’ என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டுப் போகும் வாக்கு அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் வலிக்கும். முகாமில் யார் எதற்கு வந்தார் என்பதைக் காவல்துறையின் கியூ பிராஞ்ச் கவனிக்கும். மாணவர் பஸ் ஏறிப் போய்விடுவார், பதில் சொல்ல வேண்டியது அந்தக் குடும்பம். கெய்ரோவில் அகதியியல் அறிஞர் பார்பரா ஹாரெல்-பாண்ட் மாணவர்களையும் இளையவர்களையும் வைத்து அகதிகளுக்குச் சட்ட உதவி நடத்தியபோதும் இதே கேள்விகள் எழுந்தன. 2007-இல் உருவான நைரோபி நெறிமுறை, வழக்கறிஞர் அல்லாத சட்ட ஆலோசகர்களையும் ரகசியம் காத்தல் முதலான கடமைகளுக்குக் கட்டுப்படுத்தியது. ஆகவே விடை, மாணவரை விலக்குவதில் இல்லை. அவர் வேலைக்கு எல்லை போடுவதில் இருக்கிறது. அவர் ஆலோசனை சொல்லக் கூடாது, வாக்குக் கொடுக்கக் கூடாது, துயரக் கதை கேட்கக் கூடாது. தாளைப் பார்க்கலாம், தேதியைக் குறிக்கலாம், விடுபட்டதைத் தேடலாம். குடியுரிமைக் கோப்புக்குப் படகு கவிழ்ந்த கதை தேவையில்லை. பிறந்த தேதிதான் தேவை.

இந்த முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள். பேச்சும் தெரியும், பயமும் தெரியும். ஆனால் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 24-ஆம் பிரிவில், பார் கவுன்சிலில் பதிய இந்தியக் குடியுரிமை கேட்கிறது. வேறு நாட்டவருக்கு விலக்கு உண்டென்றாலும், அந்த நாடு இந்தியர்களை அங்கே வழக்காட அனுமதித்தால்தான். முகாம் பிள்ளை சட்டம் படித்துப் பட்டம் வாங்கினாலும் கறுப்பு அங்கி அவ்வளவு எளிதில் தோளில் ஏறாது. இன்டர்ன்ஷிப்புக்கு அந்தத் தடை இல்லை. அகதிச் சட்டப் பணியில் அவர்களுக்கு இன்று திறந்திருக்கும் வாசல் இது ஒன்றுதான் என்பதாலேயே இதை ஒப்புக்குச் செய்யும் சடங்காக விட்டுவிடக் கூடாது.

சென்னை

சென்னைக்கு வந்ததும் காட்சி மாறுகிறது. உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள், எதிரே தம்புச் செட்டித் தெருவின் சேம்பர்கள், வெள்ளைச் சட்டையில் ஃபைல் சுமக்கும் மாணவர் கூட்டம். இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். தொண்டு நிறுவனத்திலும் செய்யலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கு வாரம்! முகாம் பெண்ணின் பிறப்புக்கும் அவருடைய கடவுச்சீட்டு உத்தரவுக்கும் இடையே ஓடியது 36 ஆண்டு. ஒரு மாணவர் ஒரு வழக்கை முடிக்க முடியாது. பல நேரங்களில் தொடங்கவும் முடியாது. நான்காம் வாரத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போக, அடுத்தவர் வந்து அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்பதுதான் இன்றைய நடைமுறையின் பெரிய குறை. மாணவர் மாறலாம், கோப்பு மாறக் கூடாது. ஒரு கல்லூரி ஒரு முகாமை எடுத்துக்கொண்டால், வீட்டுக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்பிலும் முந்தையவர் விட்ட இடம், அடுத்தவர் போக வேண்டிய அலுவலகம் என்று குறிப்பு இருந்தால், நான்கு வாரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பத்து மாணவர்கள் பத்து விடுமுறைகளில் ஒரே நபரின் வேலையைச் செய்து முடிக்க முடியும்.

இது அரசு செய்ய வேண்டிய வேலை, மாணவரின் இலவச உழைப்பில் ஏன் தள்ள வேண்டும் என்று கேட்கலாம். அரசின் கடமையை யாரும் குறைக்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடும்போது பெண்களையும் குழந்தைகளையும் இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்க்கிறது. குடியுரிமையை நிபந்தனையாக வைக்கவில்லை. முகாமில் அந்தத் தகுதி இல்லாத வீடு இருக்காது. மாவட்ட ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் முழுமையான கோப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மாணவரின் இடம். அவர் வழக்கறிஞருக்கு மாற்று ஆள் ஆகிவிடக் கூடாது.

உலகத்து அகதிகளையெல்லாம் தாங்க இது சத்திரமா என்ற கேள்வி 2025 மே மாதத்தில், ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உச்ச நீதிமன்றத்திலேயே வாய்மொழியாக எழுந்தது. நாட்டின் கவலையாக அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். இங்கே பேசுவது புதிதாக வரப்போகிறவர்களைப் பற்றியல்ல. முகாமிலும் வெளியிலுமாக ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேர், 2011 கணக்கெடுப்பிலேயே ஏழு கோடியைத் தாண்டிய ஒரு மாநிலத்தில், நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இருக்கிற சட்டப்படியே இந்தியர்கள். இன்னொரு பகுதியினர் இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உரியவர்கள். ஊர் திரும்ப விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தாள்தான் வேண்டும். 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது அவர்கள் சம்மதம் உண்மையானதா என்ற கேள்வியைப் பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. போவதானாலும் இருப்பதானாலும் அது அவரவர் விருப்பமாக இருக்க, சொந்தப் பெயரில் பிழையில்லாத ஆவணம் ஒன்று முதலில் வேண்டும்.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை பயம் நீங்கியது நல்ல செய்தி. குடியுரிமை அதில் இல்லை. ஆனால் அந்த விலக்கும் பதிவைத்தான் கேட்கிறது. பதிவேட்டில் பெயர் விடுபட்டவருக்கும் பெயர் பிழையாகப் பதிவானவருக்கும் யார் போய்ச் சொல்வது?

சட்டக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் நூற்றுச் சொச்சம் முகாம்கள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த விடுமுறைக்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள், நான்கு மாணவர்களை அனுப்புங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களின் வீடுகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.